கடம் வேறு, ஸ்பீக்கர் வேறு

நல்ல ஸ்பீக்கர் எது என்பதைக் காதுதான் சொல்லும், மைக் வைத்து அளந்து வரைபடம் போடுவதெல்லாம் வெட்டி வேலை என்ற கருத்து, சொந்தமாகப் பாக்ஸ் அடித்து செட் கட்டுகிறவர்களிடமும் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களிடமும் ஒன்றுபோல ஊறிக்கிடக்கிறது. மதுரைப் பக்கத்தில் இதற்குச் சாட்சியாக மானாமதுரைக் கடத்தையே காட்டிவிடலாம். வனைந்த பானைக்கு உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவதிலிருந்து, சுட்ட பிறகு சுருதி பார்ப்பது வரை எல்லாம் கையும் காதும்தான். கச்சேரி மேடைக்குப் போகும் கடத்தையே காதால் தேர முடிகிறபோது, ஒரு மரப்பெட்டியைத் தேர முடியாதா என்பது வாதம்.

முடியாது. கடம் இசைக்கருவி, அதற்குச் சொந்தக் குரல் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குச் சொந்தக் குரல் இருந்தால் அதுதான் குறை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலும் நாகஸ்வரமும் கடமும் அதே பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்; பலகை 200 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் மூன்றின் மேலும் அந்த அதிர்வு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, கடம் செய்கிறவரின் காதுக்கு முன்னால் ஒரு சுருதி நிற்கிறது. அதோடு சேர்கிறதா இல்லையா என்றுதான் அவர் பார்க்கிறார், அதுவும் அளவைதான். ஸ்பீக்கர் முன்னால் உட்காருகிறவருக்கு அப்படி ஒப்பிட எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டு எப்படி ஒலித்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் சொல்லக்கூடியது பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பது மட்டும்தான்.

அந்தப் பிடித்தமாவது காதுடையதா? அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்து, ஒருமுறை கண்ணுக்குத் தெரிய. ஸ்பீக்கர் கண்ணில் பட்டதும் பெரிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. அதைவிட முக்கியமானது வேறொன்று: அறையில் ஸ்பீக்கரை இடம் மாற்றியபோது எழுந்த வேறுபாட்டை, மறைத்துக் கேட்டபோது நன்றாகக் கண்டுகொண்டவர்கள், பார்த்துக் கேட்டபோது பெரிதாக உணரவில்லை. கண் திறந்ததும் காது மந்தமாகிவிட்டது. கடையில் பெயரையும் விலையையும் பார்த்துக்கொண்டே கேட்பது எப்படிப்பட்ட சோதனை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சத்தத்தின் அளவும் ஏமாற்றும். சற்றே உரக்கப் பாடும் ஸ்பீக்கர் தெளிவானதாகவே தோன்றும். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் வயல்காடு தாண்டியும் துல்லியமாகக் கேட்பதற்குக் காரணம் இசைநயம் அல்ல. அடித்தொனியை விட்டுவிட்டு, காது கூர்மையாக இருக்கும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் அது சத்தத்தைக் குவிக்கிறது.

வரைபடத்தில் நேர்கோடாக இருந்த ஸ்பீக்கர் கேட்கும்போது சப்பென்று இருக்கிறதே என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அந்தக் கோடு பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஒரே புள்ளியில் எடுத்தது. பக்கவாட்டில் சிதறும் ஒலி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வந்து காதில் சேர்கிறது. அதனால்தான் பத்துப் பத்து டிகிரியாகச் சுற்றிலும் அளக்கிறார்கள். அப்படி அளந்தவற்றைக் கொண்டு, மறைத்துக் கேட்டவர்களின் விருப்பத்தை முன்கூட்டியே கணிக்கும் ஒரு சூத்திரத்தை ஆலிவ் 2004இல் வெளியிட்டார். 70 ஸ்பீக்கர்களில் கணிப்புக்கும் விருப்பத்துக்கும் இருந்த ஒட்டுறவு 0.86. எந்த அளவுக்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்று அந்தச் சூத்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவை மனிதக் காதுகளே. காதை ஒதுக்கிய அளவை என்று அதைச் சொல்ல வழியில்லை.

அளவை தடுமாறும் இடமும் உண்டு. ஆய்வக அளவு நம் வீட்டு பேஸைச் சொல்லாது. சிமெண்ட் சுவரும் கான்கிரீட் தளமும் சேர்ந்த, 10 அடி நீளமுள்ள அறை 57 ஹெர்ட்ஸ் அளவில் தானாகவே முழங்கும். ஆனால் அங்கேயும் வேண்டியது இன்னொரு அளவுதான், உட்காரும் இடத்தில் மைக் வைத்து எடுப்பது. பேஸ் உப்பியிருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும்; உப்பவைப்பது பெட்டியா அறையா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அளக்காமல் விடுகிறவர், ஸ்பீக்கரை ஒரு முழம் நகர்த்தினாலே குறையக்கூடிய முழக்கத்துக்காக வூஃபரையே மாற்றிக்கொண்டிருப்பார்.