எண் அணிந்த முகங்கள்

பிரேசிலின் யானோமாமிப் பழங்குடி மக்களைப் புகைப்படக் கலைஞர் கிளாடியா அந்துஹார் எடுத்த படங்கள் என்றதும் பலரும் பேசுவது அவருடைய கனவு போன்ற வனக் காட்சிகளைத்தான். லென்ஸின் விளிம்பில் வாஸ்லின் தடவி, அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவுசெய்த அந்தப் படங்களின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அவருடைய பணியின் உச்சம் 1980களின் தொடக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளை முகப்படங்களே என்பது எங்கள் துணிபு. வெற்று மார்பில் மணிமாலை. அதனுடன் கழுத்திலிருந்து தொங்கும் சிறிய எண் அட்டை. தடுப்பூசி போடச் சென்ற குழுவுக்கு, யாருக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரிய வேண்டியிருந்தது. யானோமாமிகள் தம் பெயரை வெளியாரிடம் சொல்வதில்லை. ஆகவே எண். மருத்துவப் பதிவுக்காக எடுத்த படங்கள் அவை, கலைக்கூடத்துக்காக அல்ல.

அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1973இல் ராணுவ அரசு அவர்கள் நிலத்தின் ஊடே நெடுஞ்சாலை போடத் தொடங்கியது. சாலைத் தொழிலாளர்களோடு தட்டம்மையும் வந்தது. அதற்கு எதிர்ப்பாற்றலே இல்லாத ஊர்கள் சரிந்தன. 1977இல் அந்துஹார் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே கத்தோலிக்க மிஷனரி கார்லோ சாக்கினி, மானுடவியலாளர் புரூஸ் ஆல்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து நில உரிமை இயக்கம் தொடங்கினார். யானோமாமித் தலைவர் டாவி கோபெனாவா உலகெங்கும் சென்று தம் மக்களுக்காகப் பேசினார். 1992இல் சுமார் 96,000 சதுர கி.மீ. காடு யானோமாமி நிலமாக வரையறுக்கப்பட்டது. அதைப் படங்கள் மட்டும் வாங்கித் தரவில்லை. அந்தப் போராட்டத்துக்கு வேலை செய்தன என்பதே அவற்றின் பெருமை.

மனிதர் கழுத்தில் எண் மாட்டுவது நாஜி முகாம்களை நினைவூட்டவில்லையா என்று கேட்கலாம். தந்தையையும் அவர் வழி உறவினர்களையும் அந்த முகாம்களில் இழந்தவர் அந்துஹார். இந்தக் கேள்வி வேறு எவரையும்விட அவரையே அதிகம் வாட்டியது. அங்கே சாவதற்காக, இங்கே வாழ்வதற்காக என்ற வேறுபாட்டை அவரே சொன்னார். இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இறந்தவரின் உடைமைகளை அழித்துவிடுவது யானோமாமி மரபு. புகைப்படமோ அழியாமல் நிற்கிறது. நல்ல நோக்கம் இருந்தால் போதும் என்று இதைத் தள்ளிவிட முடியாது. யானோமாமித் தலைவர்கள் போராட்டத்துக்காக அவர் படங்களை ஏற்றார்கள் என்பதே இதற்கு ஒரே விடை. அந்த ஒப்புதலைத் தருவதும் திரும்பப் பெறுவதும் அவர்கள் உரிமை.

ஒப்புதல் பற்றிய இந்தக் கேள்வி பின்னரும் எழுந்தது. 2023 ஜனவரியில், சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களால் நொறுங்கிய ஊர்களிலிருந்து எலும்பும் தோலுமான உடல்களின் படங்கள் வெளிவந்தன. அரசு சுகாதார அவசரநிலை அறிவித்தது. அதிர்ச்சிப் படம்தானே உதவியது என்பார்கள். உதவியது உண்மை. ஆனால் யானோமாமி அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் எழுத்தில் முறையிட்டபோது காது கொடுக்காதவர்களே படத்தைப் பார்த்ததும் அசைந்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றில் இருந்த ஒரு மூதாட்டி இறந்ததும், அவர் படத்தை இனிப் பரப்ப வேண்டாம் என்று அவருடைய மக்கள் கேட்டுக்கொண்டார்கள். பகிர்ந்தவர்கள் அதை நீக்கிவிட வேண்டும். இந்த இதழில் அப்படத்தை நாங்கள் வெளியிடவில்லை.