சேமப்படை வீரரின் ஓய்வூதியம்
சில ஆண்டுகள் முழுநேரப் பணி செய்து, போர் வந்தால் திரும்ப வரவேண்டும் என்ற நிபந்தனையோடு ஊருக்கு அனுப்பப்பட்டவரே சேமப்படை வீரர். தரைப்படையின் 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின்படி, பணிக்காலமும் சேமக்காலமும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தால் அவருக்கு ஓய்வூதியம் உண்டு. அது கிடைத்தால் 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும் சேரலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை, படைவிலகல் சான்றிதழ். சங்கரன்கோவிலில் வாழும் எண்பது வயதுக்காரரின் டிரங்குப்பெட்டியில் அந்தத் தாள் கிழிந்தோ கரையான் அரித்தோ போயிருக்கலாம். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் பணிப்பதிவை வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்திடம் கேட்க வேண்டும். அந்த மனுவை அவர் தனியாக எழுத வேண்டியதில்லை; மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்காகவே இருக்கிறது. கோரிக்கை மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.