கையில் தட்டுப்படும் கட்டியை மறைக்கலாமா?



பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஆற்று மணலில் போட்டு இழுத்திருப்பீர்கள். மீசை மாதிரி கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வருமே, அது ஒருவகை இரும்பு ஆக்சைடு. அந்த வகைத் தூளை மிக மிக நுண்ணியதாகச் செய்து, மேலே சர்க்கரை வகைப் பூச்சு பூசி, ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்திப் புற்றுநோயைத் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள். இதுதான் காந்த நானோ துகள். எவ்வளவு சின்னது தெரியுமா? 30 நானோமீட்டர் துகள்களை வரிசையாக அடுக்கினால், 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு அரிசி நீளத்துக்கு 2 லட்சம் துகள் பிடிக்கும்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எக்ஸ்ரே கிடையாது. பெரிய காந்தத்தை வைத்து, நம் உடம்பில் இருக்கும் தண்ணீரிலிருந்து சைகை வாங்கிப் படம் எடுக்கும். இரும்புத் துகள் சேர்ந்த இடத்தில் சைகை குறைந்து படம் கறுத்துவிடும். நல்ல நிணநீர்க் கணுவில் உள்ள காவல் செல்கள் துகளை விழுங்கும், அதனால் அது கறுப்பு. புற்று பரவிய இடத்தில் அந்தச் செல்கள் இல்லை, அதனால் அது வெளுப்பாகவே நிற்கும். பயிருக்குள் களை தனியாகத் தெரிகிற மாதிரிதான்.

2003இல் முகேஷ் ஹரிசிங்கானி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 பேரிடம் இதைச் சோதித்தார்கள். புற்று பரவிய கணுக்களில் சாதாரண ஸ்கேன் 100க்கு 35ஐத்தான் காட்டியது. துகள் போட்ட ஸ்கேன் 90ஐக் காட்டியது.

"இரும்பை ஊசியில போட்டா உடம்பு என்னாகும்?" என்று பயப்படுவார்கள். ஆனால் நாம் பள்ளியில் வாராவாரம் விழுங்கும் மாத்திரையிலும் இரும்புச் சத்துதானே இருக்கிறது? ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு நானோ துகள் மருந்தை, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதை அங்கே ஸ்கேனுக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த இரும்பு மெல்ல மெல்ல ரத்தத்தோடு சேர்ந்துவிடும். சிலருக்கு ஒவ்வாமை வரலாம். அதனால்தான் டாக்டர் கண்காணிப்பில் போடுகிறார்கள். நம் ஊர்ப் பக்கம் ஸ்கேனுக்கு இப்போது போடுவது பெரும்பாலும் கடோலினியம் என்ற வேறு மருந்து. நம் தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் நானோ தொழில்நுட்ப ஆய்வு மையம் இருக்கிறது. நம்மில் ஒருத்தி நாளை அங்கே போய்ப் படிக்கலாம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கண்ணுக்கே தெரியாத கட்டியைத் தேட விஞ்ஞானம் இவ்வளவு பாடுபடுகிறது. நம் ஊரிலோ, கையில் தட்டுப்படும் கட்டியை முந்தானைக்குள் மறைக்கிறார்கள்! எங்கள் தெருவில் ஒரு அத்தை மார்பில் கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. குறுவை அறுக்கட்டும் என்றார். அப்புறம் சம்பா நடவு முடியட்டும் என்றார். பொங்கலும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றிவிட்டது. இப்போது அத்தை இல்லை. எந்தத் துகளால் அவரைக் காப்பாற்ற முடியும்?

"ஸ்கேன் எல்லாம் பணக்காரங்களுக்கு, ஒரு நாள் போனா கூலி போயிடுமே" என்பார்கள். கூலி போவது உண்மைதான். ஆனால் முதல் பரிசோதனைக்கு மெஷினே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் இலவசமாகப் பார்க்கிறார்கள். நர்ஸ் அக்காவின் கையே போதும். மேல்சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஒரு நாள் கூலியா, அம்மாவா?

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அவர் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையே உருவாக்கினார். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் வாய் திறந்து பேசினார். நமக்கு என்ன வெட்கம்?

தோழர்களே, 'மார்பகம்' என்று படித்ததும் சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பதால்தான் நாங்கள் பேசத் தயங்குகிறோம். வயிறு, கை, கால் மாதிரி அதுவும் உடம்பில் ஒரு உறுப்பு. அதில் வரும் நோய் உங்கள் அம்மாவுக்கும் வரலாம்.

தோழிகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா, அத்தை, ஆயா எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கயாச்சும் கட்டி தட்டுப்படுதா?" ஆமாம் என்றால், அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். எல்லாக் கட்டியும் புற்று இல்லை. அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், பயம் இல்லை.



- மாணவி, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு