சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

"நாம தோட்டத்து ஆளுங்கதானே, நமக்கெதுக்கு அதெல்லாம்?" இந்தப் பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம்மவர்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஓயவில்லை. ஈப்போ அடுக்குமாடியில் பிறந்து, பால்மரத்தையே பார்த்தறியாத பிள்ளைக்கு இந்தத் தாழ்வு மனப்பான்மை எங்கிருந்து வந்தது?

பிறவியில் வந்ததன்று, பழக்கத்தில் வந்தது. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி வீடு, பள்ளத்தில் லயம். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். தகப்பன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 'நாம் இறங்க வேண்டியவர்கள்' என்பதைப் பாடப் புத்தகமில்லாமலே படித்துக்கொண்டது. ஊரிலிருந்து நாமே மூட்டை கட்டி வந்த சாதியும் இதற்குத் துணை நின்றது.

1929-இல் மலாயாவுக்கு வந்த பெரியார், ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். சுயமரியாதை என்ற சொல் இங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடுதல் சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றார்கள்! வயிற்றுக்குக் கேட்ட அதே மூச்சில் மானத்துக்கும் கேட்டார்கள். அவர்களுடைய தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகளைக் கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது. எனினும், இறங்குவது தலைவிதியல்ல என்று அவர்கள் கண்டுகொண்டதை யாராலும் அடக்க முடியவில்லை.

இன்று இறங்கச் சொல்லத் துரை இல்லை. நாமே நம் பிள்ளைகளை இறக்கிவிடுகிறோம். "உன் மூஞ்சிக்கு டாக்டர் படிப்பா?" என்கிறோம். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறோம். வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், தாத்தா பாட்டி செய்த தொழிலை எழுதாமல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. கூச்சம் அவ்வளவு!

பெற்றோர்களே, வெறும் பழம்பெருமை பேசி இந்தக் கூச்சத்தைப் போக்க முடியாது. நடந்ததைச் சொல்லுங்கள். பாட்டி விடியுமுன் பெரட்டுக்குப் போனதையும், கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவியதையும், அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததையும் சொல்லுங்கள். தன் பாட்டியை மதிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னை மதிக்கத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.