நடு வீட்டு நாய்

"நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்" என்று தொடங்கும் பழமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் மீதியை இம்மலரில் எழுத வேண்டியதில்லை. பிறவிக் குணம் மாறாது என்பதே அதன் கருத்து. நாங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாய் அசுத்தமான பிராணி அன்று. பெரும்பாலும் அது கற்றுக்கொடுக்கப்படாத பிராணி.

சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இந்தச் சிக்கலே இருந்ததில்லை. கட்டுத்தரைக்கும் களத்துமேட்டுக்கும் இடையே நாய் காவல் காத்தது, வீட்டுக்குள் வரவில்லை. இன்றோ நம்மில் பலர் டவுனில் சிறு வீடுகளில் வசிக்கிறோம். நம் பிடிவாதத்துக்காக ஒரு குட்டி வருகிறது. ஒரு வாரம் கொஞ்சல். பிறகு சமையலறை வாசலில் ஈரம், அம்மாவின் முணுமுணுப்பு, அப்பாவின் கையில் குச்சி. முடிவில் ஓர் இரவு சாக்குப் பையில் போட்டு ஊர் எல்லையில் விட்டுவிடுகிறார்கள். இது நாம் கேள்விப்படாத கதையா, தோழியரே?

குற்றம் யாருடையது? இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் அதற்கு அவசரம் வரும். அந்த வேளைகளில் நாள்தோறும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வேலை முடிந்த உடனே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு ரொட்டி தர வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் பரிசு எதற்கென்று அதற்குப் புரியாது. அடியும் அப்படித்தான். எப்போதோ செய்ததற்கு இப்போது அடித்தால், நம்மைக் கண்டு அஞ்சவும் கட்டிலுக்கடியில் ஒளிந்து அசுத்தம் செய்யவுமே அது கற்றுக்கொள்ளும். அசுத்தமான இடத்தைச் சோப்பு நீராலும் பிறகு வினிகர் கலந்த நீராலும் கழுவினால் வாடை போகும். வாடை இருந்தால் அதே இடத்தைத் தேடி வரும். இப்படிச் சில வாரங்கள் பொறுமையாக இருந்தால் பெரும்பாலான குட்டிகள் பழகிவிடும்.

தெருவில் விடப்பட்ட குட்டியின் கதை அங்கேயே முடிவதில்லை. தடுப்பூசி போடாத நாய் வெறிநோயைப் பரப்பக்கூடும். லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலேயே அதற்குத் தடுப்பு மருந்து கண்டார். குட்டிக்கு மூன்று மாதத்தில் ஊசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும்படி தொடர வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு அருகில் அறிவு இருக்க, அறியாமைக்கு நாம் சாக்குச் சொல்லலாமா? பிராணியை அடித்து வதைப்பதும், பசியால் துன்புறும்படி கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள் என்பதையும் பெற்றோர் கருத வேண்டுகிறோம்.

இறுதியாக நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்வோம். குட்டி வேண்டுமென்று அழுதவர்கள் நாம். தரையைத் துடைப்பவர் அம்மா. இது நியாயமா? விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அதை வெளியே அழைத்துச் செல்ல நமக்கு மனம் உண்டானால் குட்டியைக் கேட்போம். இல்லையேல் கேளாதிருப்போம். அதுவும் ஒரு வகை அன்புதான்.