தொட்டி மண்

புதுவையில் இப்போது மாடித் தோட்டக்காரர்கள் எல்லோரும் மூட்டை மண்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் வாங்கியதில் பெரும்பகுதி தென்னை நார்த்தூள். ஐப்பசி அடைமழையில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடவேயில்லை. என் மனைவி வைத்துவிட்டுப் போன மல்லிகை வேர் அழுகிச் செத்தது. நல்லவேளை, ஒரு கிளையைப் பதியம் போட்டிருந்தேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் 'தெர்ரோ' என்று படித்ததை எழுபது வயதுக்கு மேல் கையால் பிசைகிறேன். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒன்று, நன்கு மக்கிய சாண எரு ஒன்று, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. கடற்கரை பக்கத்தில்தானே என்று கடல் மணலை அள்ளாதீர்கள், உப்பு. அடியில் ஜல்லி நிரப்புவதும் வீண். நீர் அதற்கு மேலேயே தேங்கும். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். ஈர மண்ணைப் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

அந்தப் பதியன் பங்குனியில் மொட்டு விட்டது.