பெண் கத்னா: 7 வயதுக் குழந்தையின் உடல்மீது முடிவெடுப்பது யார்? சட்டம் சொல்வது என்ன?

"பெண் உறுப்புச் சிதைப்பா? அதெல்லாம் எங்கேயோ ஆப்பிரிக்காவுல நடக்குறது" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மும்பையிலும் இது நடக்கிறது. தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிலும் நடக்கிறது.

என்ன நடக்கிறது?

மருத்துவக் காரணமே இல்லாமல் பெண்ணின் பிறப்புறுப்பை வெட்டுவது, கீறுவது, தைப்பது எல்லாமே இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் இதை 4 வகையாகப் பிரிக்கிறது. யுனிசெஃப் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 23 கோடிக்கும் அதிகமான பெண்கள் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள்.

இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் இதற்கு 'கத்னா' அல்லது 'கஃப்ஸ்' என்று பெயர். சுமார் 7 வயதில், கிளிட்டோரிஸின் மேல்தோலை வெட்டுகிறார்கள். கூட்டிட்டுப் போறது பெரும்பாலும் அம்மா அல்லது பாட்டி. இலங்கையில் பிறந்த சில வாரங்களிலேயே 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண்கள் இதைச் செய்வது வழக்கம்.

உடலுக்கு என்ன பாதிப்பு?

ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர் கழிக்கும்போது வலி, நீண்டகால மனப் பாதிப்பு. கடுமையான வகைகளில் பிரசவமே ஆபத்தாகலாம். இதனால் ஒரு நன்மையும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போரா பெண்களின் 'வீ ஸ்பீக் அவுட்' அமைப்பு 2018ல் வெளியிட்ட ஆய்வில், பேசிய பெண்களில் சுமார் 33 சதவீதம் பேர் தங்கள் தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

ஆதரிப்பவர்கள் வாதம் என்ன?

அதே சமூகத்தின் இன்னொரு பெண்கள் அமைப்பு, "இது சிதைப்பு இல்லை, பாதிப்பில்லாத மதச் சடங்கு" என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. மத உரிமை தரும் 25, 26ஆவது பிரிவுகளையும் காட்டியது. ஆனால் எகிப்தின் அல்-அஸ்ஹர் அறிஞர் குழு, இதற்கு இஸ்லாமியச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்று 2007லேயே அறிவித்துவிட்டது. வெட்டு சின்னதா பெரியதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: 7 வயதுக் குழந்தையால் சம்மதம் சொல்ல முடியுமா?

நீதிமன்றத்தில் என்ன ஆனது?

2017ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இப்படி நடப்பதாக அதிகாரப்பூர்வத் தரவு இல்லை என்றது மத்திய அரசு. தேசியக் குடும்ப நல ஆய்வில் இதுபற்றிய கேள்வியே கிடையாது. கேட்காமலே கணக்கு எப்படி வரும்?

2018ல் அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், தற்போதைய சட்டங்களின்படியே இது குற்றம்தான் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வு உத்தரவு, இதிலுள்ள மத உரிமைக் கேள்வியையும் பெரிய அமர்வு பார்க்கும் கேள்விகளோடு சேர்த்தது. இலங்கையிலோ, 2018ல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை மூலம் டாக்டர்கள் இதைச் செய்யத் தடை விதித்தது.

தனிச் சட்டம் ஏன் தேவை?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால், "இது எங்க வழக்கம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. ஒரு போன் போனால் அதிகாரிகள் தடுக்கலாம். எது குற்றம் என்று ஊருக்கே தெரியும். கத்னாவுக்கு அப்படிப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. போக்சோ இருக்கிறது, ஆனால் சொந்தப் பாட்டி மீது எந்தக் குழந்தை புகார் கொடுக்கும்?

அதனால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் பேச வேண்டும். எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்றாலும் 1098க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது.